தானாக நிற்க வேண்டும்

கையை எடுத்தாள்.

ட்ரைபாடில் பூட்டிய கேமராவின் லென்ஸ் மூக்கு மெல்லக் கீழே இறங்கியது. பஸ்ஸில் தூங்கி விழுகிறவனின் தலை மாதிரி.

இது வேண்டாம் என்று கேமராவைக் கழற்றினாள்.

கடைக்காரர் சிக்கந்தர் பாய்க்கு ஆச்சரியம். கல்யாண வேலைக்கு எல்லோரும் இந்த ட்ரைபாடைத்தான் வாங்குகிறார்கள் என்றார். எடை குறைவு. லேடீஸ் தோளில் மாட்டிக்கொண்டு போக வசதி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கணவர் போன பிறகு ஸ்டூடியோவை நடத்துகிறவள் அவள்தான். விளக்குகளையும் பேட்டரிகளையும் சுமந்துகொண்டு அவள் ஏறாத மண்டபப் படி இந்த ஊரில் இல்லை.

இன்னும் கனமானதாகக் காட்டுங்கள் என்றாள்.

புதுக் கேமரா பழையதைப் போல இல்லை. வீடியோவுக்கென்றே வாங்கியது. முன்னால் நீண்ட லென்ஸ் வேறு. இரண்டும் சேர்ந்தால் பச்சைப் பிள்ளையின் கனம். வீட்டிலிருக்கும் பழைய ஸ்டாண்டில் ஏற்றினால் அது காலைப் பரப்பிக்கொண்டு உட்காரப் பார்க்கிறது.

அடுத்தது வந்தது. கால்கள் தடிமனாக இருந்தன.

நடுத்தண்டை உயர்த்தினாள். கேமராவைப் பூட்டினாள். இடுப்பால் ஓர் இடி இடித்தாள்.

பாய் பதறி எழுந்தார்.

கேமராவின் சின்னத் திரையில் எதிர்க்கடை போர்டு நடுங்கியது. நின்றுவிட்டது என்று நினைத்த பிறகும் கொஞ்சம் நடுங்கியது.

கெட்டி மேளம் என்று குரல் எழுந்ததும் மண்டபமே மேடையைப் பார்த்து வரும். மாமன்மார் வருவார்கள். செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சித்திமார் வருவார்கள். யார் முழங்கை யார் மேல் படுகிறது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

இதுவும் வேண்டாம்.

யார் வீட்டுக் கல்யாணம் என்று பாய் கேட்டார்.

மகளுக்கு என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளை என்ன செய்கிறார், எந்த மண்டபம் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, சொந்தப் பெண்ணின் கல்யாணத்தில் அவளே எதற்குப் படம் பிடிக்க வேண்டும், வேறு ஆள் கிடைக்கவில்லையா என்றார்.

நானே எடுத்தால்தான் திருப்தி என்று சொல்லி வைத்தாள்.

ஆட்கள் கிடைத்தார்கள். அவளுக்குத்தான் வேறு இடம் கிடைக்கவில்லை.

பெற்றவர்கள் இடத்தில் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும் நிற்பார்கள். தாரை வார்ப்பதும் அவர்கள்தான். தாலி ஏறும்போது அவள் மணமகள் அறையில் இருந்துகொள்ளலாம். அவளிடம் யாரும் கேட்கவில்லை. முடிவு செய்துவிட்டுச் சொன்னார்கள்.

அம்மா மேடையில் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று மகள் அபிநயா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் கணவரின் அண்ணன் இறங்கி வந்தார்.

"நீ கேமராவப் பிடிச்சிக்கிட்டு நில்லும்மா. படம் எடுக்கிற ஆள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எத்தனையோ மேடைகளில் தாலிக்குக் கை எட்டும் தூரத்தில் அவள் நின்றிருக்கிறாள். கேமராவுக்குப் பின்னால் இருப்பவளுக்குப் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று ஒருவரும் பார்த்ததில்லை. அந்த ஜோடிகளுக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை. குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்துக்கும் அவளிடமே வருகிறார்கள்.

சொந்த மகள் மணவறையில் உட்காரும்போதுதான் எல்லோருக்கும் கண் தெரிந்துவிட்டது.

சரி அத்தான் என்று மட்டும் அன்றைக்குச் சொன்னாள்.

பாய் உள்ளறைக்குப் போனார். யாரோ சீரியல் எடுக்கிறவர்கள் கேட்டார்கள் என்று வரவழைத்து, அவர்கள் வராமல் போய், மூலையில் கிடந்த ஒன்றை மூச்சு வாங்கத் தூக்கி வந்தார். ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாய். மூன்று கால்களையும் அடியில் இணைத்துப் பிடிக்க ஒரு பட்டை. நடுத்தண்டே கிடையாது. உயரத்தைக் கால்களிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கேமராவைப் பூட்டினாள். லென்ஸைக் கீழே சாய்த்துக் கையை எடுத்தாள். சாய்ந்த இடத்திலேயே நின்றது.

மேலே தூக்கிக் கையை எடுத்தாள். அங்கேயும் நின்றது.

இடித்தாள். எதிர்க்கடை போர்டு அசையவில்லை.

இன்னும் பலமாக இடித்தாள். இடுப்புதான் வலித்தது.

இதில் யானையையே கட்டலாம் என்று பாய் சிரித்தார். ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. விலை உயர்ந்த கேமரா. கூட்டத்தை நம்பக் கூடாது.

"எதுக்கும் தாலி கட்டுற நேரம் ஒரு கை இது மேலயே இருக்கட்டும்மா."

அவள் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாள். ட்ரைபாடை விட்டு விலகினாள். சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். லென்ஸுக்கு எதிரே, கடையின் நடுவில் போய் நின்றாள்.

திரும்பிப் பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் யாரும் இல்லை. அது பாட்டுக்கு அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"அந்த நேரம் என் ரெண்டு கையிலயும் அட்சதை இருக்கும், பாய்."