இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்

"போன தடவை ஒரே கசப்பு. இந்தத் தடவை பூவைப் பாதியாக் குறை" என்றாள் ஹெல்மி. கார் ஷெட் மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"குடிச்சுப் பார்த்த மாதிரி பேசுறியே!"

"வாசனையே சொல்லுதே, கிழவா."

ஆர்வோ சிரித்தார். பீருக்குக் கசப்பேற்றக் கையில் அள்ளிய ஹாப்ஸ் பூவில் பாதியைத் திரும்ப டப்பாவில் கொட்டினார்.

வட அமெரிக்க ஊரான டுலூத்தின் ஜனவரிப் பனி ஜன்னலில் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. உள்ளே கேஸ் அடுப்பின்மேல் பெரிய அண்டாவில் முளைகட்டிய பார்லியின் மால்ட் சாறு தளதளவென்று கொதித்தது. ஷெட் முழுக்க வறுத்த ரொட்டி வாசனை.

சுவர் ஓரமாக ஒரு புதுப்பெட்டி பிரிக்காமல் கிடந்தது. பீர் காய்ச்சவென்றே மகள் கிர்ஸ்டி வாங்கித் தந்த கரண்ட் அண்டா.

"அதைப் பிரிச்சாதான் என்ன? பொண்ணு ஆசையா வாங்கினது" என்றாள் ஹெல்மி.

"கரண்டுல காய்ச்சினா நமக்குச் சரிப்படாது."

"நல்ல மனுஷன். ஏரிக்கரை டான்ஸ்ல என் காலை மிதிச்ச அன்னைக்கும் இதே பிடிவாதம்தான், பாட்டு முடியற வரைக்கும் விடலையே."

"முதல்ல மிதிச்சது நீ!"

அவள் சிரித்தபோது ஆவிக்கு நடுவே அவள் முகம் கலங்கிக் கலங்கித் தெளிந்தது. ஆர்வோவுக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. அண்டாவைக் கிண்டும் துடுப்பைப் பிடித்திருந்த கை இரும்பாகக் கனத்தது.

"போதும், அணைச்சிடு. இதுக்கு மேல கொதிச்சா பீர் வராது, பாகுதான் வரும்."

"இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்."

"தலை வலிக்குதுல்ல உனக்கு? அணை, ஆர்வோ." இப்போது அவள் குரலில் கேலி இல்லை. கெஞ்சினாள்.

"கொஞ்ச நேரம்தான், ஹெல்மி. நீ பேசு. பேசிக்கிட்டே இரு."

துடுப்பு கைநழுவி விழ, அவரும் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

வீட்டுப் பக்கக் கதவு தடதடவென்று அதிர்ந்தது. "அப்பா! அப்பா!" தோளால் முட்டித் திறந்துகொண்டு பாய்ந்து வந்தாள் கிர்ஸ்டி. அடுப்பை அணைத்தாள், ஷட்டரை ஏற்றினாள், அவரை அக்குளில் பிடித்து வெளியே பனிக்கு இழுத்துப் போட்டாள்.

ஆர்வோ குமட்டினார், இருமினார். மெல்ல மூச்சு சீரானது.

"அறிவிருக்கா உங்களுக்கு? மூடின இடத்துல கேஸ் அடுப்பா? அதுல வர்ற விஷக்காத்து வாசனையே இல்லாம ஆளைக் கொன்னுடும்ப்பா!" அழுதுகொண்டே கத்தினாள்.

அவர் ஷெட்டுக்குள் பார்த்தார். முக்காலியில் யாரும் இல்லை.

"உங்கம்மா இப்பதான் பேசிக்கிட்டிருந்தா" என்றார்.

கிர்ஸ்டியின் கோபம் அப்படியே வடிந்தது. பனியில் மண்டியிட்டு அவர் கன்னத்தைத் தாங்கிப் பிடித்தாள்.

"அம்மா போன வசந்தத்துலயே நம்மள விட்டுப் போயிட்டாங்கப்பா. நீங்க பாருங்க, கதவிடுக்குல எல்லாம் துண்டைத் திணிச்சு வெச்சிருக்கீங்க. குளிருக்குத்தான், புரியுது. ஆனா அந்த விஷக்காத்து வெளிய போக வழியில்லாம மூளைக்கு ஏறினா, செத்தவங்ககூடக் கண்ணுக்குத் தெரிவாங்க."

ஆர்வோ மகளின் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"தெரியும்மா. அதுக்குத்தான் அடைச்சேன்."