சத்தம் நீக்கிய பதிவு

ஹெட்போனை மாட்டியதும் பாட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அம்மாவுக்காக அவர் எழுதிப் பாடிய பாட்டு தெரியாத ஆள் கிடையாது. இரண்டாவது வரி முடிந்ததும் குரல் சட்டென்று நின்று, பிறகு தொடரும். மேடைப் பாடகர்கள் அந்த இடம் வந்தால் நெஞ்சில் கை வைத்து நிற்பார்கள். கூட்டம் விம்மும்.

எல்லோரும் கேட்கும் அந்தப் பதிவு, அம்மா போன பிறகு ஸ்டுடியோவில் பாடியது. அதற்கு முன்னால், அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, கட்டிலருகே உட்கார்ந்து கேசட்டில் பாடிப் பாடிப் பார்த்தவை வேறு. வெளிவராத அந்தப் பதிவுகளைத்தான் பாட்டை வெளியிட்ட கம்பெனி இப்போது கேட்டிருந்தது.

அவற்றைக் கேட்க அவருக்கே ரொம்ப காலம் துணிவு வரவில்லை. துணிவு வந்தபோது கேசட் மக்கிப்போய் ஓட மறுத்தது. இவர்களிடம் அதற்கான மெஷின் இருந்தது. பாட்டு நாசமாய்ப் போகட்டும், அம்மாவை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றுதான் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தார்.

முதல் பதிவு ஓடியது. சளி பிடித்த மாதிரி அவருடைய பழைய குரல். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

ஒன்றுமே இல்லை.

அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கழுவித் துடைத்த மாதிரி வெறும் பாட்டு.

எதிரே, அவருக்கு மகள் வயசிருக்கும் ஒலிப்பதிவாளர் பெண், முகமெல்லாம் சிரிப்பாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி சார்? எல்லாத்துலயும் பின்னாடி டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். இரும்புல எதையோ தட்டுற மாதிரி, அதுவும் தாளத்துல சேராம. உயிரை எடுத்துடுச்சு. ஒண்ணு விடாம நீக்கிட்டேன்."

நீக்குவதற்கு முந்தியது இருக்கிறதா என்று கேட்டார்.

"கேசட் ஒரு ஓட்டத்துக்கே பொடிப்பொடியாப் போச்சு சார். சுத்தம் பண்ணினதை மட்டும் வச்சுக்கிட்டு முந்தினதை அழிச்சிட்டேன். அந்தக் குப்பை எதுக்கு?"

அவள் திரையில் ஓரிடத்தைக் காட்டினாள். இரண்டாவது வரிக்குப் பின்னால் வரும் அந்த இடைவெளி இந்தப் பதிவுகளிலும் இருந்தது. வேண்டுமானால் அதையும் வெட்டி ஒட்டிவிடுகிறேன் என்றாள்.

"ஐயோ, அதுல மட்டும் கை வெச்சிடாதம்மா!"

சத்தம் கொஞ்சம் கூடிப்போனது. அவள் முகம் வாடியதைப் பார்த்துப் பாவமாக இருந்தது. பாவம், ராப்பகலாக உட்கார்ந்து செய்திருக்கிறாள். நன்றாகப் பண்ணியிருக்கிறாய் என்று தட்டிக்கொடுத்து, முதல் பதிவை மறுபடியும் போடச் சொன்னார்.

வாதம் வந்து பேச்சும் வலப்பக்கமும் போன பிறகு அம்மாவுக்கு மிஞ்சியது இடது கைதான். அதில் ஒரு கரண்டியைப் பிடித்துக் கட்டில் கம்பியில் தட்டுவாள். தண்ணீர் கேட்கவும் அதுதான், திட்டவும் அதுதான். மகன் பாட ஆரம்பித்தால் மட்டும் அது தாளம். இரண்டு வரிக்குள் கை ஓய்ந்துவிடும். கடைசித் தட்டு பிந்தித்தான் விழும். அது விழட்டும் என்று அவர் பாட்டை நிறுத்திக் காத்திருப்பார்.

ஸ்டுடியோவில் பாடிய அன்று கட்டில் இல்லை, கரண்டி இல்லை, அம்மாவும் இல்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும் காத்திருந்தார்.

இப்போது இரண்டாவது வரி முடிந்தது. அந்தப் பெண்ணின் கண்ணில் படாமல், மேஜைக்கு அடியில், தன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் பிந்தி, இடது கையால்.