மூன்று நாள் கணவாய்

"நிலவு போன்ற முகமா? குப்பையில போடு!" மதிவாணன் சார் என் தாளை மேசைமேல் விட்டெறிந்தார். "நீ தொட்டுப் பார்த்த ஒண்ண எழுது, கொளஞ்சி. படிக்கிறவனுக்கு ஒடம்பு கூசணும்."

கதை எழுதக் கற்றுத்தரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அது. மற்ற ஆறு நாளும் நான் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கணவாய் மீன் சுத்தம் செய்கிறவள்.

சார் வழக்கம்போல் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். நான் எழுதினேன். அவர் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"'ஐஸ் கரைந்த பெட்டியில் மூன்று நாள் கிடந்த கணவாய் போல, அவன் கை அவள்மேல் ஒட்டியது.' அடடா! இன்னும் எழுது."

எழுதினேன்.

"'சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் அந்தக் கொழகொழப்பு போகவில்லை. சோறு பிசையும்போதும் அந்த நாற்றம் வந்தது.' ச்சீ! எனக்கே கொமட்டுது. எல்லாரும் கைதட்டுங்க!"

வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் தட்டினார்கள். சார் மட்டும் தட்டவில்லை.

"இதான்யா உவமை! எப்பிடித் தோணுச்சு ஒனக்கு?"

"தானா தோணல சார். நீங்க சொன்ன மாதிரி, ஒடம்புல பட்டத எழுதினேன்."

"அப்பிடியா? யாரு அந்த அசிங்கம் புடிச்சவன்?"

"சொல்றேன் சார்." நான் திரும்பிப் பார்க்கவில்லை. "மொதல்ல என் தோள்லேருந்து கைய எடுங்க."