அணைக்கக் கூடாத ஸ்விட்ச்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதையாவது அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். டிவியை நிறுத்தினால் போதாதாம், சுவரில் இருக்கிற ஸ்விட்சையும் தட்ட வேண்டுமாம். இத்தனூண்டு சிவப்பு விளக்கு, அதுகூட நாள் முழுக்கக் கரண்டு குடிக்குமாம்.

மருமகள் அப்படித்தான் சொல்கிறாள். பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், தலைக்கு மேலே மின்விசிறி நின்றுவிடும். ஒரு நாள் அவர் குளித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டாள். கண்ணில் சோப்போடு கத்தினார்.

இப்போது வெயிலைப் பிடிக்க ஆள் கூட்டி வந்திருக்கிறாள்.

மொட்டை மாடியில் பத்து சோலார் பலகைகள் ஏறிவிட்டன. முப்பது வருஷம் லாரி ஓட்டியவருக்கு வெயிலைத் தெரியாதா? டயரை வெடிக்க வைக்கும், தாரை உருக்கும். வீட்டு வேலை செய்யும் என்று யாரும் சொன்னதில்லை.

சோலார்காரர் கீழே இறங்கி வந்து, கூடத்து மீட்டர் பெட்டியைத் திறந்தார்.

"ஐயா, இணைப்புக் கொடுக்கணும். அரை மணி நேரம் மொத்தக் கரண்டையும் நிறுத்துறேன்."

"அரை நிமிஷம்கூடக் கூடாது. உள்ளே மெத்தை ஓடுது."

பெரியவர் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். அகலமான முதுகு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளோடு அந்தக் காற்று மெத்தையும் வந்தது. கால்மாட்டில் சின்ன மோட்டார். ஒரு வரிசை உப்பும்போது பக்கத்து வரிசை தாழும். படுத்தே கிடக்கிற முதுகு புண்ணாகாமல் இருக்க.

நிறுத்தினால் காற்று இறங்கிவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், மெத்தையோடு வந்த புத்தகத்தைத் தொடவே இல்லை. சத்தம் போதும். மோட்டார் லேசாக இழுத்தாலும் எழுந்து போய்க் குழாயைப் பார்ப்பார். கரண்டு போனால், வருகிற வரைக்கும் கையாலேயே அவளைப் புரட்டிவிட்டுக்கொண்டிருப்பார்.

இதைப் பாதி சொன்னார், பாதி சொல்லவில்லை. சோலார்காரருக்குப் புரிந்துவிட்டது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா ஐயா? பக்கத்து வீட்டிலேருந்து ஒரு வயர் இழுத்துடுறேன்."

"நடுவிலே அந்த வீட்டுக்காரன் பிடுங்கிட்டா?"

"அந்த வீட்டு அக்காவையே ஸ்விட்சுக்குக் காவல் வைக்கிறேன்."

பெரியவர் சிரிக்கவில்லை. ஒரு சாண் நகர்ந்தார்.

ஜன்னல் வழியாக வயர் வந்தது. சோலார்காரர் காலைத் துடைத்துக்கொண்டு, கதவை மெல்லத் தள்ளினார்.

"அம்மா, ஒரு நிமிஷம்..."

கட்டிலில் யாரும் இல்லை.

விரிப்புகூட இல்லை. வெறும் மெத்தை, ஒரு வரிசை ஏறி, ஒரு வரிசை இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். மருமகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு மாசமாச்சு, அத்தை போயி" என்றாள், கூடத்துக்குக் கேட்காதபடி. "தூக்கிட்டுப் போன அன்னைக்குக்கூட மாமா நிறுத்தல. நானும் இந்த ஒரு ஸ்விட்சைத் தொடறதில்ல. சீக்கிரம் மாத்துங்க அண்ணா."

பிளக்கைப் பிடுங்கி வயரில் சொருகுகிற நேரம், மோட்டார் நின்றது.

கூடத்தில் பெரியவர் தலையைத் தூக்கினார். சத்தம் திரும்ப வந்ததும் இறக்கிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் இல்லை.

வேலை முடிந்தது. சோலார்காரர் அவர் எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இனிமே வெயில்லேயே ஓடும் ஐயா. எவ்வளவு நேரம் ஓடினாலும் வீண் இல்ல. ராத்திரிக்குப் பேட்டரி இருக்கு."

"நாலு நாள் மழை பிடிச்சா?"

"பழைய கரண்டு தானா வந்துடும்."

"தானா வருமாம்" என்றார் பெரியவர், சுவரைப் பார்த்து.

பக்கத்து வீட்டு வயரைச் சுருட்டப் போன கையைத் தட்டிவிட்டார். அது அப்படியே கிடக்கட்டும் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, எட்டு மாசத்தில் முதல் தடவையாக மோட்டார் சத்தம் கேட்காத தூரத்துக்கு நடந்தார். மாடியை ஏறிட்டும் பார்க்கவில்லை.