விட்டுப்போன இரண்டு பட்டைகள்

மூன்றையும் இரண்டையும் பெருக்கினால் ஆறு, அரையையும் அரையையும் பெருக்கினால் கால், அவ்வளவுதானா? அப்படியானால் காலையிலிருந்து நான் தூக்கிய மற்ற கற்களெல்லாம் எங்கே போயின என்று தெய்வானை நினைத்துக்கொள்கிறாள். கரும்பு நடுவதற்காக அவள் கல் பொறுக்கிய நிலத்துண்டு மூன்றரைக் கோல் நீளம், இரண்டரைக் கோல் அகலம். இப்போதுதான் அளந்து முடித்த, கூலிகளை மேய்க்கும் சர்தார் பழனியாண்டி மூங்கில் கோலைத் தோளில் சாய்த்தபடி, “ஆறேகால். எட்டு ஆனாத்தான் ஒரு நாள் வேலை. போ, இன்னும் பொறுக்கு” என்கிறான். தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் முடிந்தபின் அவனை எதிர்த்துப் பேசிய மூன்று பெண்களுக்கு இன்றுவரை வேலையில்லை.

சாய்வெயிலில் கற்குவியலின் நிழல் அவள் பாதம்வரை நீண்டு கிடக்கிறது. அவள் குந்தி உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்பில் சிலேட்டில் கீறியதுபோல, குச்சியால் மண்ணில் கட்டம் கீறுகிறாள். உள்ளே ஆறு முழுக் கட்டங்கள், மூலையில் ஒரு கால். நீளவாக்கில் மூன்று அரைக் கட்டங்களாக ஒரு பட்டை, அது ஒன்றரை. அகலவாக்கில் இரண்டு அரைக் கட்டங்களாக ஒரு பட்டை, அது ஒன்று. “இந்த ரெண்டையும் விட்டுட்டீங்க, சர்தார். எட்டேமுக்கால் வருது.”

“பாருங்கடி, மதாம் இஸ்கோல் தொறந்துட்டாங்க!” என்று அவளைப் பள்ளிக்கூட ஆசிரியையாக்கிக் கேலி செய்கிறான். பக்கத்துத் துண்டுகளில் கல் பொறுக்கக் குனிந்திருக்கும் பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவன் குரல் இறங்குகிறது. “காலால அழிச்சிடு.”

அவள் அழிக்காமல், குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து, மண்ணில் கீறிய நீளப் பட்டையின் மேல் வைக்கிறாள். பிறகு, அடுத்த பட்டைக்கு அதைவிடப் பெரியதாக ஒன்றைத் தேடுகிறாள்.