லியோனில்டாவின் செப்புக் காசுகள்

“எதுக்குக் கொண்டு போறீங்க? விளையாட்டுக்கா?”

சுங்க அதிகாரி இரண்டாவது முறையாகக் கேட்டார். ஒடீலியாவுக்கு முகம் சிவந்தது. துக்கத்தில் இருக்கிற வயதான மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது?

பாஸ்டன் விமான நிலையத்தில் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளுக்குப் போகிற வரிசையிலிருந்து அவளையும் அப்பாவையும் தனியே அழைத்து நிறுத்தியிருந்தார்கள். மேசைமேல் அப்பாவின் பை திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பழைய காபி டப்பா. அது நிறைய ஒரு சென்ட் காசுகள்.

“விளையாட்டா? இது என் பொண்டாட்டி காசு தம்பி,” என்றார் அப்பா அன்செல்மோ. “லியோனில்டா போயிட்டா.”

“கஷ்டமாத்தான் இருக்கு ஐயா. காசு எதுக்குன்னுதான் கேக்கறேன்.”

அதிகாரி ஒரு கைப்பிடி அள்ளி, வருஷம் பார்த்தார்.

“எல்லாமே எண்பத்திரண்டுக்கு முந்தினது. ஒண்ணுகூடப் புதுசு இல்ல. பொறுக்கி எடுத்திருக்கீங்க.”

“பொறுக்கினது அவ.”

“அசல் செம்பை மட்டும் யாரு பொறுக்குவாங்க தெரியுமா? உருக்கி விக்கறவங்க. ஒரு சென்ட் காசுல ஒரு சென்ட்டுக்கு மேலயே செம்பு இருக்கு. வீட்டுல பீப்பா பீப்பாயா வச்சுக்கங்க, யாரும் கேக்க மாட்டாங்க. உருக்கினா ஜெயில். நாட்டை விட்டு அளவுக்கு மேல எடுத்துட்டுப் போனாலும் கேஸ்தான்.”

“உருக்கறதா! வெண்ணெயைத் தவிர நான் எதையும் உருக்கினதில்லப்பா!”

ஒடீலியா குறுக்கே வந்தாள். “சார், அம்மா ஞாபகமா வச்சிருக்கார். விட்டுடுங்களேன்.”

“ஞாபகத்துக்கு ரெண்டு காசு போதுமேம்மா. இது இருபது டாலருக்கு இருக்கும்போல.” பறிமுதல் செய்த சாமான்கள் கிடந்த பிளாஸ்டிக் பெட்டியை அவர் காலால் மேசையோரம் நகர்த்தினார்.

அப்பாவின் கை டப்பாவைப் பிடித்துக்கொண்டது.

“அப்பா, குடுத்துட்டு வாங்க. அங்க போய் யூரோ காசு மாத்திக்கலாம்.”

“யூரோவா? உங்கம்மா எழுந்து வந்து திட்டுவா. நீ வேணா போ. டப்பா இல்லாம நான் ஏற மாட்டேன்.”

அதிகாரி பெருமூச்சு விட்டார். “அவங்க ஏன் புதுக் காசை எல்லாம் கழிச்சாங்க?”

“சத்தம் சரியில்லன்னுதான். புதுசுக்குள்ள துத்தநாகம். மேசையில போட்டா சட்டைப் பித்தான் விழுந்த மாதிரி இருக்கும். இதைக் கேளு.” அப்பா ஒரு பழைய காசை எடுத்துப் போட்டார். அது கணீரென்று சுழன்று, மெல்லப் படுத்தது.

“மேசையில எதுக்குப் போட்டாங்க?”

“பந்தயத்துக்கு. பிஸ்கா தெரியுமா? எங்க ஊரு சீட்டாட்டம். ஞாயித்துக்கிழமை சாப்பாடு முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் உக்காருவோம்.”

“யாரு ஜெயிப்பா?”

“டப்பா யாரோடதுன்னு முதல்லயே சொன்னேனே!”

பக்கத்து வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒடீலியா பல்லைக் கடித்தாள். அப்பாவை வைத்து வேடிக்கை காட்டுகிறான் இந்த ஆள்.

“அப்போ, விளையாட்டுக்குத்தான் கொண்டு போறீங்க?”

“அது அப்போ! இப்போ அவ மண்ணுக்குள்ள கிடக்கா. போன கோடையில ஊருக்குத் தங்கச்சியைப் பார்க்கப் போனவ, அங்கயே கண்ணை மூடிட்டா. எனக்கு முட்டி ஆபரேஷன். அடக்கத்துக்குக்கூடப் போக முடியல. இப்போ அங்கயே போய் இருந்துடலாம்னு கிளம்பிட்டேன்.”

“சரி ஐயா. அங்க போய் இந்தக் காசை என்ன பண்ணுவீங்க? அதைச் சொல்லுங்க.”

அப்பா திரும்பினார். மகளை ஒரு பார்வை பார்த்தார். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

“கல்லறைப் பக்கத்துல ஒரு கல் பெஞ்சு இருக்காம். மச்சினி சொன்னா. ஞாயித்துக்கிழமை அங்க போய்... அவ சீட்டையும் நானே பிரிச்சு வச்சு...”

“வச்சு?”

“ஒரு ஆட்டம் போடுவேன்யா! விளையாடத்தான் போறேன், போதுமா? கிழவனுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சுன்னு எழுதிக்கோ!”

அப்பாவின் குரல் உடைந்துவிட்டது. ஒடீலியா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். இது அவளுக்கே புதிய செய்தி.

அதிகாரி எதையும் எழுதவில்லை. சிதறிக் கிடந்த காசுகளை ஒன்று விடாமல் அள்ளி டப்பாவில் போட்டு மூடினார். அதைப் பைக்குள் வைத்து, பையைத் தானே தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்றினார்.

“போயிட்டு வாங்க ஐயா. இந்தத் தடவையாவது ஜெயிங்க.”

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போனார். ஒடீலியா நகரவில்லை.

“கடைசியில விடறதுதானே? அவரை அழ வச்சுத்தான் விடணுமா?”

அதிகாரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சட்டப்படி அஞ்சு டாலருக்கு மேல இந்தக் காசு வெளியே போகக் கூடாதும்மா. விளையாடறதுக்குன்னா மட்டும் இருபத்தஞ்சு டாலர் வரைக்கும் விடலாம். அதை அவரேதான் சொல்லணும், நான் சொல்லிக் குடுக்கக் கூடாது. நானும் எத்தனை தடவைதாம்மா கேப்பேன்?”