பால் ஹோட்டல்

"வெண்பா, இங்க கறி வாசப்படி கூடத் தாண்டாதில்ல? நல்லா விசாரிச்சுட்டியா கண்ணு?"

"அம்மா, இதே ஹோட்டலுக்கு எத்தனை தடவை வந்தாச்சு! போன வாரம் அந்த கொண்டைக்கடலை வடைய இன்னொரு பிளேட் கேட்டு வாங்கித் தின்னியே, மறந்துட்டியா?"

நாகரத்தினத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. வடை மறக்கக்கூடிய வடையா!

காரின் டிக்கியில் பெட்டிகள் இருந்தன. இன்று மாலை அவளுக்கு நியூவார்க்கிலிருந்து ஃபிளைட். போகிற வழியில் கடைசியாக ஒருமுறை சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று மருமகன் ரெனிஷ்தான் இங்கே வண்டியைத் திருப்பினான்.

மருமகன் என்று அவள் வாய் திறந்து சொன்னதில்லை. கோபிசெட்டிபாளையத்துச் சுத்த சைவக் குடும்பத்துப் பெண், நாகர்கோவில் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டதில் அவளுக்கு மனம் ஆறவே இல்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை. ஆறு வருடம் கழித்து இப்போதுதான் பெண்ணைப் பார்க்க மனம் இளகி அமெரிக்கா வந்தாள். வந்தவள் பிரிட்ஜ்வாட்டரில் அவர்கள் இருந்த வீட்டில் நுழைந்ததும் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இந்த வீட்டுச் சட்டியில எனக்கு எதுவும் வேண்டாம். சட்டியில ஏறுன கவுச்சி கழுவினாப் போயிடுமா? யாரும் எதுவும் சொல்லாதீங்க. சத்தியம் பண்ணினாலும் நான் நம்ப மாட்டேன்."

வெண்பா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரெனிஷ் வேண்டாம் என்று தலையசைத்தான். மறுநாளே கெஸ்ட் ரூமுக்குப் புது கரண்ட் குக்கர் வந்தது. சோறும் தயிருமாக இரண்டு மாதம் அங்கேயே ஓடியது. என் கையால ஒரு வாய் சாப்பிடும்மா என்று வெண்பா கெஞ்சாத நாளில்லை. நாகரத்தினம் அசைந்து கொடுக்கவில்லை.

கோயிலில் பார்த்த ஒரு மாமிதான் இந்த வழியைக் காட்டினாள். யூதர்கள் பாலையும் கறியையும் ஒன்று சேர்க்க மாட்டார்கள், கோஷர் என்ற அவர்கள் உணவு முறைப்படி நடத்தும் பால் ஹோட்டல்களில் கறி நுழையவே நுழையாது என்றாள். அதன்பிறகு எங்கே ஊர் சுற்றினாலும் ரெனிஷ் முதலில் பால் ஹோட்டலைத்தான் தேடினான். டல்லாஸ் போனபோது மற்றவர்கள் பசியில் சுருண்டிருக்க, ஃப்ரீவேயில் அத்தனை தூரம் டிரைவ் பண்ணி ஒன்றைக் கண்டுபிடித்தான். அவளும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். ஆனால் அவனிடம் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எப்போதும் அவளைச் சுவரைப் பார்த்தாற்போல மூலை மேசையில் உட்கார வைப்பான். இன்றைக்குக் கூட்டம். நடுவில்தான் இடம் கிடைத்தது. ரெனிஷ் வழக்கம்போல எழுந்து உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தான்.

பருப்பு சூப்பை நாகரத்தினம் ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்கு ஒரு தட்டு வந்தது. அதில் தலையும் வாலுமாக ஒரு முழு மீன்.

அவள் கையிலிருந்த ஸ்பூன் நழுவியது.

"அய்யோ! இதென்ன?"

வெண்பாவின் முகம் வெளுத்தது. ரெனிஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"மன்னிச்சிருங்க அத்தை. இவங்க வழக்கத்துல மீன் கறியில சேராது. பால் ஹோட்டல்ல மீன் இருக்கும்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். சொன்னா இதையும் விட்டுட்டுப் பட்டினி கிடப்பீங்கன்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு தடவையும் கிச்சன்ல போய்க் கேட்டுக்கிட்டேன் அத்தை. உங்களுக்கு மட்டும் தனிச் சட்டி, தனி எண்ணெய். அப்படிச் செய்யமாட்டேன்னு சொன்ன இடத்துல நாம சாப்பிட்டதே இல்ல. டல்லாஸ்ல ரெண்டு ஹோட்டல் தாண்டிப் போனோமே, அதுக்குத்தான்."

நாகரத்தினத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டல்லாஸில் இரண்டு ஹோட்டலைத் தாண்டிப் போனபோது, இந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று காருக்குள் முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. முன்பின் தெரியாத யார் யாரோ சமைத்ததை இரண்டு மாதமாக நம்பித் தின்றிருக்கிறாள். பெற்ற பெண் பிசைந்து நீட்டியதை வேண்டாமென்று தள்ளியிருக்கிறாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"வண்டியைத் திருப்புங்க மாப்பிள்ளை. வீட்டுக்குப் போய் எம்பொண்ணு கையால ஒரு தோசை சாப்பிட்டுட்டுப் போறேன்."

மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டு ரெனிஷ் சட்டென்று நிமிர்ந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"முடியாது அத்தை. இப்பவே கிளம்பினாத்தான் செக்-இன் பண்ண முடியும்."

நாகரத்தினம் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் நிற்கவில்லை.

"நான் பாவி கண்ணு. அடுத்த தடவை உயிரோட இருந்து வந்தேன்னா, நீ மீன் வறுக்கிற சட்டியா இருந்தாலும் பரவால்ல, அதுலயே எனக்கு ஒரு தோசை ஊத்திக் குடு."

வெண்பா அம்மாவின் தோளில் சாய்ந்து விசும்பினாள்.

"அப்படி ஒரு சட்டியே நம்ம வீட்ல இல்லம்மா. என்னிக்காவது நீ வந்து சாப்பிடுவேன்னு, கல்யாணமான நாள்லருந்து அந்த அடுப்புல இவர் கறியோ மீனோ ஏத்தவே விட்டதில்ல."